ஸ்டீவ் ஜாப்ஸ் வேடத்துக்கு யார் பொருத்தம்?

1999 ஜூலையில் நியூயார்க்கில் ஆப்பிள் கணினிகளுக்கான மேக்வேர்ல்ட் மாநாடு நடந்தது. கழுத்தை மூடிய கறுப்புப் பின்னலாடையும் நீல ஜீன்ஸும் அணிந்த ஒருவர் மேடைக்கு வந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவரும் ஜாப்ஸின் பாணியிலேயே பேச ஆரம்பித்தார். ஆனால் வந்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ் இல்லை. நோவா வைலி என்ற நடிகர். அதற்கு முந்தைய மாதம்தான் ஒளிபரப்பான 'பைரேட்ஸ் ஆஃப் சிலிக்கான் வேலி' என்ற தொலைக்காட்சிப் படத்தில் ஜாப்ஸாக நடித்திருந்தார். பின்னாலேயே உண்மையான ஜாப்ஸ் மேடையேறி, தன்னைப் போல நடிப்பது எப்படி என்று அவருக்கே பாடம் எடுத்தார். அரங்கம் சிரித்தது. அந்தப் படம் ஜாப்ஸை நல்லவராகக் காட்டவில்லை. ஊழியர்களை வதைப்பவராக, பெற்ற மகளை ஏற்க மறுப்பவராகத்தான் காட்டியது. ஆனாலும் தன்னைப் போல வேடமிட்டவரைத் தன் மேடைக்கே அழைக்க அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

தொழில்நுட்பத் தொழிலதிபர் ஒருவரின் வேடத்துக்கு நடிகரைத் தேடும்போது எழும் முதல் சிக்கல் அந்த மேடையிலேயே தெரிந்துவிட்டது. வேடத்துக்குரிய ஆளே ஒரு மேடை நடிகர். உடையைத் தானே வகுத்துக்கொண்டவர், ஒத்திகை பார்த்து மேடையேறுபவர், எங்கே நிறுத்தினால் கைதட்டல் வரும் என்று தெரிந்தவர். அவர் பேசிய காணொளிகள் எல்லார் கையிலும் இருக்கின்றன. காந்தியாகவோ பாரதியாகவோ நடிப்பவருக்குக் கிடைக்கும் தூரம் இங்கே கிடையாது. ரசிகர் திரையரங்கிலிருந்து வெளியே வந்ததும் கைபேசியில் அசலைப் போட்டுப் பார்த்துவிடுவார்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. விளையாட்டு வீரரின் கதை என்றால் நடிகர் கற்றுக்கொள்ள ஒரு வித்தை இருக்கும். தோனி படத்துக்காக சுஷாந்த் சிங் ராஜ்புத் மாதக்கணக்கில் மட்டை பிடித்துப் பயிற்சி எடுத்தார். அந்த உழைப்பு திரையில் அப்படியே தெரிந்தது. தொழிலதிபரின் வித்தை என்ன? ஓர் அறையில் நாலு பேரிடம் பேசுவது, மறுப்பது, விற்பது, ஆளைக் கரைப்பது, சில சமயம் மிரட்டுவது. கணினிக்குள் நடப்பதைப் படம் பிடிக்க முடியாது. ஒப்பந்தக் காகிதத்தைப் படம் பிடித்தாலும் சுவை இல்லை. மிஞ்சுவது பேச்சும், பேச்சுக்கு முன்னால் முகத்தில் ஓடும் யோசனையும்தான். அதனால் இந்த வேடத்துக்கு நடிகரைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இவர் யோசிப்பது வெளியே தெரிகிறதா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். மூக்கும் தாடையும் பிறகு.

ஜாப்ஸை மூன்று நடிகர்கள் மூன்று வழியில் அணுகியதால், இந்தக் கேள்விக்கு அவரைவிட நல்ல சோதனைக் களம் வேறில்லை. வைலிக்குச் சாயல் இயல்பாகவே வாய்த்தது. அன்று அவர் 'ஈ.ஆர்.' தொடரின் இளம் மருத்துவராக அமெரிக்கா முழுவதும் அறிமுகமானவர். அதே படத்தில் பில் கேட்ஸாக நடித்த ஆண்டனி மைக்கேல் ஹால், கண்ணாடியும் கலைந்த தலையுமாக அசட்டுத்தனமும் தந்திரமும் கலந்த ஓர் ஆளைக் கொண்டுவந்தார். படத்தின் பலம் அந்த ஜோடிப் பொருத்தம்தான். தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யும் தேர்வுகளில் இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜாப்ஸ் யார் என்பது எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

ஜாப்ஸ் 2011 அக்டோபர் 5 அன்று மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 2013இல், ஆஷ்டன் குட்சர் நடித்த 'ஜாப்ஸ்' வெளிவந்தது. அறிவிப்பு வந்தபோதே இளவயது ஜாப்ஸின் படத்தையும் குட்சரின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். குட்சரும் சும்மா இருக்கவில்லை. ஜாப்ஸின் நடையைப் படித்தார்; அவர் பேச்சுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஜாப்ஸைப் போலப் பழங்களை மட்டும் தின்று பார்த்து, கணையம் பாதிக்கப்பட்டு மருத்துவமனைவரை போனார். தொழில்நுட்ப நிறுவனங்களில் முதலீடு செய்பவர் என்பதால் அந்த உலகமும் அவருக்குப் பழக்கம். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை.

ஆனால் படம் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். 2001, ஐபாட் அறிமுகம். நரைத்த தாடி, வட்டக் கண்ணாடி, முன்னுக்குச் சாய்ந்து குதித்தாற்போல ஒரு நடை. அந்த நடை துல்லியமானது. துல்லியமாக இருப்பதாலேயே நம் கண் அதிலேயே நின்றுவிடுகிறது. நடை போகிறது, ஆள் வரவில்லை. பிறகு வரும் கோபங்களிலும் அழுகையிலும் ஜாப்ஸ் என்ன செய்தார் என்று தெரிகிறது. அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்பது தெரிவதில்லை. உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஒரு மனிதனின் மேற்பரப்பை முழுக்கக் கற்றுக்கொள்ளும் நடிகருக்கு அதற்கு அடியில் போக நேரமும் கவனமும் மிஞ்சுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது முயற்சியின் கதை தேர்வுக் குழப்பத்தின் கதை. வால்டர் ஐசக்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாக வைத்து ஆரன் சோர்கின் திரைக்கதை எழுதினார். முதலில் இயக்குவதாக இருந்த டேவிட் ஃபிஞ்சர் கிறிஸ்டியன் பேலைக் கேட்டார். ஃபிஞ்சர் விலக, டேனி பாயில் வந்தார். லியோனார்டோ டிகாப்ரியோவின் பெயர் அடிபட்டது, அவரும் விலகினார். மறுபடி பேல் வந்து, யோசித்துவிட்டு, இந்த வேடத்துக்குத் தான் பொருத்தமில்லை என்று ஒதுங்கினார் என்று செய்திகள் வந்தன. 2014 நவம்பரில் சோனி நிறுவனமே படத்தைக் கைவிட, யுனிவர்சல் எடுத்துக்கொண்டது. கடைசியில் வேடம் மைக்கேல் ஃபாஸ்பெண்டருக்குப் போனது. ஜெர்மனியில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்தவர். ஜாப்ஸின் சாயல் அவரிடம் துளியும் இல்லை. ஒப்பனை போட்டு அதை வரவழைக்கவும் பாயில் முயலவில்லை.

2015இல் வந்த அந்தப் படம் மூன்றே அறிமுக விழாக்களின் மேடைப் பின்புறத்தில் நடக்கிறது: 1984இல் மேகிண்டாஷ், 1988இல் நெக்ஸ்ட், 1998இல் ஐமேக். ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஒத்திகை பார்த்து, அதைப் படமாக்கிய பிறகே அடுத்ததற்குப் போனார்கள். முதல் பகுதியில் ஒரு சின்ன விஷயம். விழா தொடங்கச் சில நிமிடங்களே இருக்கின்றன. இயந்திரம் வணக்கம் சொல்ல மறுக்கிறது, பக்கத்து அறையில் மகள் லிசாவும் அவளது தாயும் காத்திருக்கிறார்கள். ஜாப்ஸ் கேட்பது ஒரு வெள்ளைச் சட்டை. நெஞ்சில் பை வைத்த வெள்ளைச் சட்டை. ஃபிளாப்பி டிஸ்க் அந்தப் பையில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும், மேடையில் அதை அங்கிருந்து எடுக்க வேண்டும். ஃபாஸ்பெண்டர் இதைக் கத்திக் கேட்பதில்லை. எதிரே இருப்பவருக்கு இது ஏன் புரியவில்லை என்ற உண்மையான வியப்போடு கேட்கிறார். அந்த வியப்பில் ஜாப்ஸின் மொத்தக் குணமும் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து ஐந்து வயது லிசா அந்த மேகிண்டாஷில் எதையோ கிறுக்குகிறாள். தன் மகள் இல்லை என்று அவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும் குழந்தை. திரையைப் பார்க்கிறார். முகத்தில் எதுவும் அசைவதில்லை. கண் மட்டும் ஒரு கணம் தாமதிக்கிறது. அடுத்து, பேசிக்கொண்டிருந்த பேரத்தை விட்டுவிட்டு, அவர்களுக்கு வீடு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். குழந்தையின் மீது வந்த பாசமா, தன் இயந்திரத்தைச் சொல்லிக்கொடுக்காமலே ஒரு குழந்தை பயன்படுத்திவிட்டதே என்ற மகிழ்ச்சியா? இரண்டையும் பிரிக்க முடியாதபடி அவர் வைத்திருக்கிறார். சாயல் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் இந்தக் கணம் நமக்குக் கிடைத்திருக்காது.

ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வோஸ்னியாக் இந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தார். முதற்கட்ட வடிவத்தைப் பார்த்துவிட்டு, நடிகர்களைப் பார்ப்பதாகவே தோன்றவில்லை, ஜாப்ஸையும் மற்றவர்களையும் பார்ப்பதுபோல இருந்தது என்ற பொருளில் சொன்னார். கூடவே வாழ்ந்தவர் ஒருவரின் சாட்சியம் இது. சாயலை வலியுறுத்துகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் தரப்பிலும் ஒரு சான்று உண்டு. சுமார் 3 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் 3.4 கோடி டாலர் அளவிலேயே வசூலித்தது. அதைவிடக் குறைந்த செலவில் எடுத்த குட்சர் படம் வசூலில் இதற்குப் பின்தங்கவில்லை. சுவரொட்டியில் பழகிய முகம் தெரிந்தால்தான் சீட்டு வாங்குவேன் என்கிற ரசிகர் இருக்கிறார். மூன்றாம் பகுதியில் ஃபாஸ்பெண்டர் கறுப்புப் பின்னலாடையும் கண்ணாடியுமாக வரும்போது, அதுவரை மறந்திருந்த வேற்றுமை சட்டென்று உறுத்துவதும் உண்மைதான்.

இந்த விவாதத்தில் அதிகம் யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாப்ஸைப் பெற்ற தந்தை அப்துல்ஃபத்தா ஜந்தாலி, சிரியாவின் ஹோம்ஸ் நகரைச் சேர்ந்தவர். மூன்று படங்களிலும் அரபு வம்சாவளி நடிகர் எவரும் அந்த வேடத்துக்கு எடுக்கப்படவில்லை. சாயல், சாயல் என்று பேசியவர்களுக்கும் அந்த யோசனை வந்ததாகத் தெரியவில்லை.

மார்க் ஸக்கர்பெர்க் விஷயம் வேறு மாதிரி. 2010இல் 'தி சோஷியல் நெட்வொர்க்' வந்தபோது அவருக்கு வயது 26. ஃபேஸ்புக்கை உலகம் அறியும், அதை நடத்துபவரின் குரலை அறியாது. ஆகவே ஜெஸ்ஸி ஐசன்பெர்க் என்ன செய்தாரோ அதுவே ஸக்கர்பெர்க் என்று பதிந்துவிட்டது. ஐசன்பெர்க்கின் பலம் வேகம். சோர்கின் எழுதிய வசனத்தை மூச்சுவிடாமல், எதிராளி முதல் வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்குள் மூன்றாவதற்குப் போய்விடும் வேகத்தில் பேசுவார். காதலியாக வரும் ரூனி மாராவுடன் பேசிப் பிரியும் தொடக்கக் காட்சியை ஃபிஞ்சர் 99 டேக் எடுத்தார். அத்தனை முறை சொன்னபின் வசனம் நடிகரின் நாவிலிருந்து தானாக உதிர்கிறது. கேட்கும் நமக்கு, இந்த இளைஞன் மனிதர்களைவிட வேகமாக ஓடுகிறான், அதனால்தான் தனியாக இருக்கிறான் என்று ஒரே காட்சியில் புரிந்துவிடுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. பெண்களைக் கவரவும், மேட்டுக்குடி மாணவர் மன்றங்களில் இடம் பிடிக்கவும் ஃபேஸ்புக்கை உருவாக்கினார் என்பது படத்தின் வாதம். அது உண்மையில்லை என்று ஸக்கர்பெர்க் சொன்னார். பின்னாளில் மனைவியான பிரிசில்லா சானை அவர் ஃபேஸ்புக் தொடங்கும் முன்பே அறிந்திருந்தார். படத்தில் அந்தப் பெண்ணே இல்லை. தன் சட்டைகளையும் மேலாடைகளையும் மட்டும் அப்படியே சரியாகக் காட்டியிருக்கிறார்கள் என்றும் அவர் குறிப்பிட்டார். உடையில் துல்லியம், உள்நோக்கத்தில் கற்பனை. மோசமான நடிகர் நடித்திருந்தால் அந்தக் கற்பனை கற்பனையாகவே போயிருக்கும். மிகச் சரியான நடிகர் கிடைத்ததால் அது பலருக்கும் வரலாறாகிவிட்டது. உயிரோடு இருப்பவரின் வேடத்துக்கு நல்ல நடிகரைத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் இந்தப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அந்தப் படத்தின் தொடர்ச்சியாக 'தி சோஷியல் ரெக்கனிங்' அறிவிக்கப்பட்டபோது ஸக்கர்பெர்க் வேடத்துக்கு ஜெரமி ஸ்ட்ராங் தேர்வானார். நாற்பதை நெருங்கிய, அதிகாரத்தில் ஊறிய ஒருவருக்கு இன்னொரு முகம் வேண்டும் என்ற முடிவு நியாயமானதே.

எலிசபெத் ஹோம்ஸின் கதையில் நடிப்பே குற்றத்தின் பகுதி. 19 வயதில் தெரனோஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர், ஜாப்ஸைப் பார்த்துக் கறுப்பு உடைக்கு மாறியவர், ஆழ்ந்த ஆண்குரல் போன்ற குரலில் பேசியவர். ஒரு துளி ரத்தத்தில் எல்லாச் சோதனைகளையும் செய்யலாம் என்ற பொய் நம்பப்பட்டதில் அந்தக் குரலுக்கும் உடைக்கும் பங்குண்டு. 'தி டிராப்அவுட்' தொடருக்கு முதலில் கேட் மெக்கின்னன் தேர்வாகியிருந்தார். பிரபலங்களின் குரலை அப்படியே எடுத்துக் காட்டும் மிமிக்ரியில் கைதேர்ந்தவர். அவர் விலகியதும் அமண்டா சைஃபிரெட் வந்தார். நல்லதாகப் போயிற்று என்பேன். கண்ணாடி முன் நின்று ஹோம்ஸ் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பழகும் காட்சியில் சைஃபிரெட் காட்டுவது, அந்தக் குரலைத் தேடும் ஒரு பெண்ணை. குரல் ஒரு முறை உடைகிறது, ஒரு முறை பொய்யாக ஒலிக்கிறது, பிறகு பிடிபடுகிறது. மிமிக்ரிக் கலைஞர் முடிந்த குரலோடு தொடங்குவார். நடிகர் அது பிறக்கும் இடத்தைத் தேடிப் போவார். 2022இல் சைஃபிரெட்டுக்கு எம்மி விருது கிடைத்தது. ஹோம்ஸ் பற்றி ஒரு திரைப்படம் எடுக்கத் திட்டமிட்டிருந்த ஜெனிஃபர் லாரன்ஸ், சைஃபிரெட் செய்ததைப் பார்த்தபின் இன்னொரு முறை அதைச் செய்யத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

2023இல் வந்த கனடியப் படம் 'பிளாக்பெர்ரி'யும் மிமிக்ரியை நம்பாத ரகம்தான். அதிகம் அறியப்படாத இரண்டு தொழிலதிபர்கள், நகைச்சுவையில் பழகிய இரண்டு நடிகர்கள். அந்த இருவரில் ஒருவரான ஜிம் பால்சிலியாக நடித்த கிளென் ஹோவர்டன் தலையை மழித்துக்கொண்டு காட்டும் ஆத்திரம் மறக்க முடியாதது.

நம் பக்கம் வருவோம். இங்கே நட்சத்திரம்தான் முதல் கேள்வி. கால்ஷீட் கிடைத்த பிறகுதான் கதையே நகரும். அந்தக் கட்டாயத்துக்குள்ளும் நல்ல தேர்வு சாத்தியம் என்பதற்கு 'சூரரைப் போற்று' சான்று. ஏர் டெக்கான் நிறுவனர் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் கர்நாடகத்தின் கொரூரைச் சேர்ந்த ஐயங்கார் குடும்பத்துப் பிள்ளை, சிரித்த முகத்தோடு பேசுபவர். சுதா கொங்கரா அவரைச் சோழவந்தான் நெடுமாறனாக்கி, சூர்யாவின் கோபத்தை அவருக்குக் கொடுத்தார். பெயரும் ஊரும் சாதியும் மாறிவிட்டதால் சாயலைத் தேட வேண்டிய அவசியமே போய்விட்டது. விமான நிலையத்தில், சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்கப் போக டிக்கெட்டுக்குப் பணம் போதாமல், முகம் தெரியாதவர்களிடம் கையேந்தும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஒரு ரூபாய்க்கு விமானத்தில் ஏற்றுவேன் என்று அந்த மனிதன் சொல்வதற்கான காரணம் முழுவதும் அந்தக் கையில் இருக்கிறது. படம் கற்பனை மிகுந்தது, ஆனால் என் புத்தகத்தின் சாரத்தைப் பிடித்துவிட்டது என்ற பொருளில் கோபிநாத்தே பாராட்டினார். சிறந்த நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை, சிறந்த படம் என ஐந்து தேசிய விருதுகள் வந்தன.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2024இல், அதே இயக்குநர் அதே கதையை இந்தியில் 'சர்ஃபிரா' என்று எடுத்தார். வில்லனாக அதே பரேஷ் ராவல். நாயகனாக அக்ஷய் குமார். படம் ஓடவில்லை. தமிழ்ப் படத்தை இணையத்தில் பலர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தது ஒரு காரணம். ஆனால் நடிகர் தேர்வும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். ஐம்பதைத் தாண்டிய, தோற்காத நாயகனாகவே பார்த்துப் பழகிய ஒருவர் கையேந்தும்போது, இவருக்கு எப்படியும் பணம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை அவமானத்தைக் கொன்றுவிடுகிறது. கதையும் இயக்குநரும் வில்லனும் அப்படியே இருக்க நாயகன் மாறிய இப்படியொரு சோதனை தேடினாலும் கிடைக்காது.

2024இலேயே வந்த 'ஸ்ரீகாந்த்' வேறொரு கேள்வியை எழுப்புகிறது. பிறவியிலேயே பார்வையற்ற தொழிலதிபர் ஸ்ரீகாந்த் பொல்லாவாக ராஜ்குமார் ராவ் நடித்தார். அக்கறையான, நுட்பமான நடிப்பு. ஆனாலும் பார்வையற்ற ஒரு நடிகரை அந்த வேடத்துக்குத் தேடிப் பார்க்கும் நிலைக்கு நம் திரைத்துறை வர வேண்டும். ஒரு பெரிய நடிகர் அதைச் சிறப்பாகச் செய்தார் என்பது அந்தத் தேடலைத் தள்ளிப்போடக் காரணமாகிவிடக் கூடாது.

மாதவன் ஜி.டி. நாயுடுவாக நடிக்கும் படமும் அறிவிக்கப்பட்டது. 'ராக்கெட்ரி'யில் நம்பி நாராயணனாக நடித்து, கடைசிக் காட்சியில் தன் இருக்கையை உண்மையான நம்பிக்கே விட்டுக்கொடுத்தவர் மாதவன். ஜி.டி. நாயுடுவுக்கு அப்படி இருக்கை கொடுக்க முடியாது. 1893இல் கலங்கலில் பிறந்து 1974இல் மறைந்துவிட்டார். பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கியவர், மின்சார மோட்டாரும் சவர இயந்திரமும் செய்தவர். புகைப்படங்கள் இருக்கின்றன, கோவையில் அருங்காட்சியகம் இருக்கிறது. உடையையும் தோற்றத்தையும் ஒப்பனையாளர் ஒரே நாளில் கொண்டுவந்துவிடுவார். ஒரு இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் எப்படி நின்றார், பேருந்து தாமதமானால் என்ன சொல்வார், வேலைக்காரனை எப்படிக் கூப்பிடுவார் என்பதெல்லாம் படங்களில் இல்லை. அவரைச் சிறுவயதில் நேரில் பார்த்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டியிருப்பார்கள். கோவை மண்ணின் தொழில் முனைவோரைப் பற்றி இனிப் படமெடுக்க நினைக்கும் இளைஞர்களே, நாயகனின் கால்ஷீட்டுக்கு அலைவதற்கு முன்னால் அந்த முதியவர்களின் வீட்டுத் திண்ணைகளுக்குப் போங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.